இசைத்தட்டிற் பதிந்த குடும்பங்கள்

நானாட்டானை உள்ளடக்கிய மாதோட்டப் பகுதியின் கூத்துமரபை அறிந்தோர், ஆடுவோனை மட்டும் கொண்டு கூத்தை மதிப்பிடுவதில்லை. அண்ணாவியாரின் மத்தளமும் பிற்பாட்டுக்காரரின் குரலும் தளர்ந்தால் ஆட்டமும் தளரும் என்பது அவர்கள் கண்ட உண்மை. இசைத்தட்டின் வரலாற்றை எழுதியோரோ பெரும்பாலும் முன்னே நின்ற ஒருவரின் பெயரையே பொறித்துச் சென்றுள்ளனர். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் ஜாஸ் கிற்றார்க் கலைஞரின் தொடக்ககால ஒலிப்பதிவுகள் இதற்குத் தக்க சான்றாகும்.

ஜாங்கோ 1910இல் பெல்ஜியத்தில், நாடோடி வாழ்வினரான ரோமா இனக் குடும்பமொன்றிற் பிறந்தவர். 1928இல் அவரது வண்டிவீடு தீப்பற்றியதில் இடக்கையின் இரு விரல்கள் ஏறக்குறையப் பயனற்றுப் போயின. எஞ்சிய விரல்களைக் கொண்டே புதியதொரு வாசிப்பு முறையை அவர் வகுத்துக் கொண்டமை பலராலும் வியந்து பேசப்படுவது. அவ்வளவாகப் பேசப்படாதவர் அவருடைய தம்பி ஜோசப்.

1934இல் பாரிசில் அமைந்த ஐவர் குழுவில் ஜாங்கோவின் கிற்றாரும் ஸ்தெபான் கிரப்பெல்லியின் வயலினும் முன்னின்றன. கிரப்பெல்லி தனித்து வாசிக்கும்போது அவருக்குப் பின்னே இரு கிற்றார்கள் ஒலிக்க, தனக்கு ஒன்றே துணை நிற்கின்றது என ஜாங்கோ குறைப்பட்டமையாலேயே ஜோசப் சேர்க்கப்பட்டார் எனக் கூறப்படுகிறது. அண்ணனின் மனக்குறை தம்பிக்குத் தொழிலாயிற்று! அக்குழுவில் முரசு இல்லை, ஊதுகருவியும் இல்லை. எனவே தாளத்தின் சுமை முழுவதும் ஜோசப், ரொஜே ஷப்பூ ஆகிய இருவரின் கிற்றார்களிலும் லூயி வோலாவின் பெருவயலினிலுமே தங்கியிருந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் அல்ட்ராபோன் நிறுவனத்துக்காக அவர்கள் பதிவுசெய்த இசைத்தட்டுகளை ஊன்றிக் கேட்போர், ஜாங்கோவின் விரைந்த சுரவரிசைகளுக்கு அடியில் வெட்டி வெட்டி ஒலிக்கும் அத்தாள வீச்சை உணர்வர். அஃது இன்றேல் மேலே எழும் கற்பனைக்குக் கால் ஊன்ற நிலம் இல்லை.

1939இல் போர் மூண்டபோது குழு இங்கிலாந்தில் இருந்தது. ஜாங்கோ பாரிசுக்குத் திரும்பினார். கிரப்பெல்லி இலண்டனிலேயே தங்கிவிட்டார். ரோமா மக்களை நாசிகள் கொன்று குவித்த அக்காலத்தில் ஜாங்கோ உயிர் தப்பியதே பெரிது. அவர் 1953இல் மறைந்தார்.

கிரப்பெல்லியின் பிற்காலம் இவ்வரலாற்றை யாழ்ப்பாணத்தோடு இணைக்கின்றது. வயலின் வித்துவான் வி. லட்சுமிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்தில் இசைப் பேராசிரியராகக் கடமையாற்றியவர். வாய்ப்பாட்டுக்குப் பக்கவாத்தியமாகவே கருதப்பட்ட வயலினைத் தனிக் கச்சேரிக்கு உரியதாக்க வேண்டுமென்பது அவரது நோக்கம். வீடே அதற்குரிய பயிற்சிக்களமாயிற்று. மைந்தர் வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் ஆகிய மூவரும் அவரிடமே பயின்றனர். 1958ஆம் ஆண்டு இனக்கலவரம் அக்குடும்பத்தைத் தமிழ்நாட்டுக்குத் திரும்பச் செய்தது. யாழ்ப்பாணம் இழந்தது ஓர் ஆசிரியரை மட்டுமன்று.

பின்னர் சகோதரர் மூவரும் ஒருங்கே வயலின் இசைத்துப் புகழ் பெற்றனர். இளையவர் சங்கர் 1975 ஜூலையில், ஜோன் மக்லோக்லின் என்னும் ஜாஸ் கிற்றார்க் கலைஞரோடு 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டுக்காக நியூயோர்க் மாநிலத்தில் வாசித்தார். விநாயக்ராமின் கடமும் இராகவனின் மிருதங்கமும் சாகிர் உசேனின் தபேலாவும் உடன் ஒலித்த அப்பதிவில், கிற்றாரும் வயலினும் ஒன்றையொன்று தொடர்ந்து விடையிறுக்கும் இடங்கள் குறிப்பிடத்தக்கவை. உடன்பிறந்தாரோடு வாசித்துப் பழகிய காது அங்கே தொழிற்படுகின்றது எனலாம்.

ஜோசப் 1982இல் காலமானார். இரண்டாண்டுகளின் பின், 1984இல், கிரப்பெல்லியும் சுப்பிரமணியமும் இணைந்து வாசித்த இசைத்தட்டு வெளிவந்தது. பாரிசில் அண்ணன் தம்பியரின் கிற்றார்களுக்கு நடுவே வாசித்தவரும், யாழ்ப்பாணத்து வீட்டில் அண்ணன் தம்பியரோடு பயின்றவரும் அதில் இரு வயலின்களாக ஒலிக்கின்றனர். லட்சுமிநாராயண ஐயர் 1990இல் மறைய, அவர் பெயரால் 1992இல் சென்னையில் இசைவிழாவொன்றைத் தொடங்கினார் சுப்பிரமணியம்.