கைநாட்டும் கையெழுத்தும்

தர்மபுரி பஸ் நிலையத்தை ஒட்டிய தெருவொன்றில், மாடிப்படியின் கீழ் ஒரு பலகை தொங்குகிறது. வெளிநாடு செல்வோருக்கான ஆங்கிலப் பரீட்சைக்குப் பயிற்சி. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா கொடிகள் வரைந்திருக்கிறார்கள். 2025 மே மாதம் பிரிட்டிஷ் அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. நிரந்தரமாகத் தங்க விரும்பும் குடியேறிகளுக்கு வேண்டிய ஆங்கிலத் தேர்ச்சியை ஒரு படி உயர்த்தப் போவதாக அதில் சொல்லியிருந்தது. 'வாழ வந்த இடத்தின் பாஷையைக் கற்றுக்கொள் என்பதில் என்ன தவறு?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். தவறில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்தப் பரீட்சையின் பூர்வீகத்தைத் தேடிப் போன பிறகு அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை. அந்தப் பூர்வீகத்தில் நம் ஜில்லாக்காரர்களும் இருக்கிறார்கள்.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகம் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தார்கள். 1911 வரை சுமார் 1,52,000 பேர் போனார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாக ஏறியவர்கள். கப்பல் பட்டியல்கள் இன்றும் கிடைக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், அங்க அடையாளம் என்று பத்திகள். ஜில்லாப் பத்தியில் சேலம் என்றிருக்கும் பெயர்கள் உண்டு. 1965 வரை தர்மபுரி அந்த ஜில்லாவில்தான் இருந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சம் வாட்டிய பூமி. தழும்புக்குப் பத்தி ஒதுக்கியவர்கள் பாஷைக்கு ஒதுக்கவில்லை. எந்த மொழி பேசுவாய், எழுதத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் கரும்புக்கு இல்லை.

ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கியவர்களும், சொந்தச் செலவில் கப்பலேறி வந்த வியாபாரிகளும்தான் வெள்ளையரின் தலைவலி. தங்கியவர்கள் மீது 1895-ல் ஆண்டுக்கு 3 பவுன் வரி. வருகிறவர்களை என்ன செய்வது? 1897 ஜனவரி 13 அன்று கப்பலிலிருந்து இறங்கிய காந்தியை டர்பன் தெருவில் ஒரு கும்பல் அடித்தது. அதே ஆண்டு, கும்பல் செய்ய முயன்றதைச் சட்டம் நாசூக்காகச் செய்து முடித்தது.

அந்தச் சட்டத்தின் வாசகத்தைக் கவிதை வாசிப்பதுபோல் நிதானமாக வாசிக்க வேண்டும். இந்தியர் என்ற சொல்லே இல்லை. ஐரோப்பிய மொழி ஒன்றின் எழுத்தில், தன் கையால் ஒரு விண்ணப்பம் எழுதிக் கையெழுத்திடத் தெரியாதவர் விலக்கப்பட்டவர் என்கிறது, அவ்வளவுதான். விண்ணப்பத்தின் மாதிரியும் சட்டத்திலேயே இருந்தது: என் பெயர் இன்னது, கடந்த 12 மாதம் வசித்த இடம் இன்னது, தொழில் இன்னது, பிறந்தது இன்ன ஊர், இன்ன வருஷம். வெண்பா எழுதுகிறவனும் குஜராத்தியில் பேரேடு எழுதுகிறவனும் இதன் முன்னால் தற்குறிகள்.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது விதிவிலக்குகளில் ஒன்று. அரசு ஒப்புக்கொண்ட திட்டத்தின் கீழ் வருகிறவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது ஒப்பந்தக் கூலிகளுக்கு. கூலியாக வந்தால் ஊமையாகவும் வரலாம். சுதந்திர மனிதனாக வருகிறேன் என்றால்தான் இங்கிலீஷ் வேண்டும். பரீட்சை வைத்தது பாஷைக்கு அல்ல, சுதந்திரத்துக்கு என்று படுகிறது எனக்கு. ஒரே ஊரின் அண்ணன் தம்பிகளில் அண்ணன் கைநாட்டு வைத்துத் தோட்டத்துக்குள் போகலாம். தன் பணத்தில் பின்னால் வரும் தம்பி துறைமுகத்திலேயே நிற்க வேண்டும்.

மாதிரி விண்ணப்பம் இருந்ததில் ஒரு சங்கடம். நம் திண்ணைப் பள்ளிப் பையன் அதை ஒரு வாரத்தில் நெட்டுருப் போட்டுவிடுவான். 1903-ல் புதுச் சட்டம் வந்தது. மாதிரி மறைந்தது, அமைச்சருக்குத் திருப்தி தரும் விண்ணப்பம் எழுதினால் போதும் என்றார்கள். திருப்தியை எப்படி நெட்டுருப் போடுவது?

இதற்குள் நேட்டால் முறை ஏற்றுமதியாகிவிட்டது. 1897-ல் லண்டனில் கூடிய குடியேற்ற நாட்டுப் பிரதமர்களிடம் காலனி மந்திரி சேம்பர்லேன் இதை மெச்சிச் சொன்னார். நிறத்தைச் சொல்லாமலே நிறத்தை விலக்கும் வழியல்லவா. 1901-ல் ஆஸ்திரேலியா 50 வார்த்தைப் பரீட்சையைச் சட்டமாக்கியது. எந்த ஐரோப்பிய மொழி என்பதை அதிகாரி தீர்மானிப்பார். 1934-ல், பல மொழிகள் அறிந்த எழுத்தாளர் ஈகான் கிஷ்ஷை உள்ளே விடக்கூடாது என்பதற்காக ஸ்காட்லாந்துக் கேலிக்கில் சொல்லி எழுதச் சொன்னார்கள். கேலிக் இந்தச் சட்டம் கருதும் ஐரோப்பிய மொழி அல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க நேர்ந்தது. கேப் காலனியிலோ 1906-ல் யித்திஷை ஐரோப்பிய மொழியாகச் சட்டத்திலேயே சேர்த்தார்கள். மொழி எது என்பதை இலக்கணம் தீர்மானிக்கவில்லை. ஆஸ்திரேலியப் பரீட்சை 1958 வரை உயிரோடிருந்தது.

ஆங்கிலம் தெரிந்திருந்தால் தப்பித்திருக்கலாமோ? 1908-ல் சோராப்ஜி ஷாபுர்ஜி என்ற பார்சி இளைஞர், ஆங்கிலம் அறிந்தவர், பரீட்சைக்குத் தயாராகவே டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்தார். எல்லையில் தடுக்கவில்லை. பிறகு ஆசியர் பதிவுச் சட்டத்தைக் காட்டி வெளியேறச் சொன்னார்கள். மறுத்ததற்கு ஒரு மாதச் சிறை.

இலங்கையில் வேறு கணக்கு. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1954-ன் நேரு-கொத்தலாவலை ஒப்பந்தம், குடிமக்களாகப் பதிவானவர்களையும் தனி வாக்காளர் பட்டியலில் வைக்கலாம் என்றது. அவர்களில் பெரும்பாலோர் வசிக்கும் பகுதியின் மொழியைப் பேசுவதில்லை என்பது காரணம். நான்கு தலைமுறை தேயிலை பறித்த மலையில் பேசிய தமிழ், அந்தப் பகுதியின் மொழி இல்லையாம். அதில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் நம் பிரதமர்.

தர்மபுரி மாவட்டத்தில் நாகாவதி, வாணியாறு அணைகளின் அருகே இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021-ல் தமிழக அரசு இவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. 1955-ன் இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையிலும் ஒரு மொழி நிபந்தனை உண்டு: அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றில் போதிய அறிவு. தமிழ் அதில் இருக்கிறது. உலகத்தில் எங்கும் தமிழனுக்கு இவ்வளவு எளிதான பரீட்சை கிடையாது. ஆனால் 2003 திருத்தத்துக்குப் பிறகு, உரிய ஆவணமின்றி வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. அவர் விண்ணப்பமே போட முடியாது. 2019 திருத்தம் மூன்று நாடுகளுக்கு வழிவிட்டது, இலங்கைக்கு இல்லை. பரீட்சை இருக்கிறது, விடையும் தெரியும், கூடத்துக்குள் அனுமதி இல்லை.

நாகாவதி முகாமுக்கு என்னை அழைத்துப் போனவர் பென்னாகரத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடமும் தமிழும். முகாமில் ஒரு முதியவர் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் நண்பர், 'என்னைவிட நல்ல தமிழ்' என்றார். அவரிடம் இதுவரை யாரும் எந்த மொழியிலும் பரீட்சை வைத்ததில்லை.