மேஜையைச் சுற்றும் கந்தல்

வீடு மாற்றும்போது டைனிங் டேபிளைச் சுற்றிக் கட்டுவார்களே, குறுக்கும் நெடுக்கும் தையல் போட்ட தடிப் போர்வை, அதன் உள்ளே இருப்பது பல சமயம் பழைய துணியைப் பிய்த்து எடுத்த பஞ்சுதான். இந்தக் கைவேலைக்குப் பேர்போன ஊர் இங்கிலாந்தின் பேட்லி. அங்கே 1813 வாக்கில் பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தலை நாராக்கி, கொஞ்சம் புதுக் கம்பளி கலந்து துணி நெய்தார். அதற்குப் பெயர் ‘ஷாடி’.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் அந்த மாதிரித் துணியில் தைத்த மலிவான சீருடைகள் சீக்கிரமே நைந்துபோயின. விளைவு, ஆங்கிலத்தில் ‘ஷாடி’ என்றாலே மட்டம் என்று ஆகிவிட்டது. அநியாயம் என்பேன்! குட்டை நார் இழுத்தால் பிரியும், உண்மைதான். ஆனால் நாருக்கு நடுவே காற்று நிற்பதால் இடித்தால் வாங்கிக்கொள்ளும். மேஜைக்கு வேண்டியது அதுதானே? இழுவையை மேல்துணியும் தையலும் பார்த்துக்கொள்ளும்.

இன்றைக்கு இந்தத் தொழில் ஹரியானாவின் பானிபட்டில் பெரிய அளவில் நடக்கிறது. வெளிநாட்டார் கழித்த ஸ்வெட்டர்கள் அங்கே போர்வையாகின்றன.