கன்றுக்குட்டி முதலில் சொன்னது



பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தராசு ஏறி இறங்குவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். கத்தரி, வெண்டை, தக்காளி எல்லாம் மூட்டையாகி, புளியரை வழியாகக் கேரளத்துக்கு லாரி ஏறுகிறது. இன்று நான் சொல்லப்போவதும் ஒரு தராசுக் கதைதான். ஒரு தட்டில் லாபம், மறு தட்டில் மனுஷ உயிர். நடந்தது அதே கேரளத்தில்.

எண்டோசல்பான் என்ற மருந்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் கம்பெனி 1950-களில் அதைக் கொண்டுவந்தது. பிறகு நம் நாட்டுக் கம்பெனிகளும் தயாரித்தன. உலகிலேயே அதிகம் தயாரிக்கும் நாடு என்ற பெயரும் நமக்கு வந்தது. விலை மலிவு. பருத்திக்கும் அடிக்கலாம், காய்கறிக்கும் அடிக்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எத்தனையோ பேருக்கு இதையே சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆகவே யாரையோ குற்றம் சொல்ல வந்தவனாக என்னை நினைக்க வேண்டாம்.

கேரளத்தின் வடகோடியில் காசர்கோடு மாவட்டம். அங்கே அரசுக்குச் சொந்தமான தோட்டக் கழகத்துக்கு ஆயிரக்கணக்கான ஏக்கரில் முந்திரி இருக்கிறது. நம்ம பக்கத்தில் கொல்லாமரம் என்போமே, அதுதான். தளிரையும் பூவையும் கருக்கிவிடும் தேயிலைக் கொசுவை ஒழிக்க, 1970-களின் பிற்பகுதியிலிருந்து ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். ஆள்கூலி மிச்சம், வேலையும் சீக்கிரம் முடியும். தோட்டக் கணக்கில் அது லாபம்தான்.

ஆனால் அந்தத் தோட்டங்களுக்கு நடுவிலும் அடிவாரத்திலும் வீடுகள் உண்டு. மலையைக் குடைந்து, ஊற்றுத் தண்ணீரைக் குடிக்க எடுக்கிற ஊர்கள் அவை. தெளிக்கும்போது கிணறு குளத்தை மூடிவைக்க வேண்டும் என்பது விதி. மலை முழுக்க ஓடையும் ஊற்றுமாக இருக்கையில் எதை மூடுவது? எதைக் கொண்டு மூடுவது?

முதலில் சேதி சொன்னது மாடுதான். 1979-ல் பத்ரே என்ற கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டுக் கன்றுகள் கால் கோணிப் பிறந்தன. அந்த ஊர்க்காரரான ஸ்ரீ பத்ரே என்ற பத்திரிகையாளர் 1981-ல் அதைப் பத்திரிகையில் எழுதினார். யாரும் அசையவில்லை. பிறகு பிள்ளைகள் ஊனத்தோடு பிறந்தார்கள். வலிப்பும் மூளை வளர்ச்சிக் குறைவும் வீட்டுக்கு வீடு தெரிந்தது. ஊர் டாக்டர் மோகன் குமார் இதைக் கவனித்துக் கேள்வி எழுப்பினார்.

கோர்ட்டுக்குப் போனவர்களில் ஒருவர் லீலாகுமாரி அம்மா. கேரள வேளாண்மைத் துறையிலேயே வேலை பார்த்தவர். 1998-ல் ஹோஸ்துர்க் முன்சீப் கோர்ட்டில் வான்வழித் தெளிப்புக்குத் தடை வாங்கினார். எங்கள் துறைக்காரி ஒருவர் துணிந்து நின்றார் என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

2000-ஆம் ஆண்டோடு ஹெலிகாப்டர் நின்றது. மறு ஆண்டு, அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்நல ஆய்வு நிறுவனம் பத்ரே பள்ளிப் பிள்ளைகளையும், மருந்து படாத வேறோர் ஊர்ப் பிள்ளைகளையும் பரிசோதித்தது. பத்ரே பிள்ளைகளிடம் குறைகள் அதிகம் இருந்தன. தயாரிப்பாளர்களோ, இந்த மருந்துதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்றார்கள். மத்திய அரசு அமைத்த குழு ஒன்றும் அப்படியே சொன்னது.

இந்த இடத்தில்தான் நாம் நின்று யோசிக்க வேண்டும். சந்தேகம் வந்துவிட்டது, முடிவு தெரியவில்லை. அதுவரை யார் பொறுத்துக்கொள்வது? விற்பனையா, பிள்ளைகளா? காசர்கோட்டில் பிள்ளைகள்தான் பொறுத்தார்கள். லாபம் பார்த்தவர் வீட்டுக் கிணற்றில் அந்த மருந்து விழவில்லை. அரசுத் தோட்டம், அரசுக் கம்பெனியான இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸும் இந்த மருந்தைத் தயாரித்தது. ஆகவே தனியார் பேராசை என்று மட்டும் சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

2011 ஏப்ரலில் ஜெனீவா மாநாட்டில் உலக நாடுகள் இந்த மருந்தை ஒழிக்க முடிவெடுத்தன. அதே ஆண்டு மே 13-ல் நம் உச்ச நீதிமன்றம் தயாரிப்புக்கும் விற்பனைக்கும் தடை போட்டது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு 5 லட்சம் ரூபாயை மூன்று மாதத்துக்குள் கொடுக்கும்படி கேரள அரசுக்கு உத்தரவிட்டது. 2022-ல் பார்த்தால், மறுபடி கோர்ட் படி ஏறிய 8 பேருக்குத்தான் பணம் போயிருந்தது. நீதிமன்றம் கண்டித்த பிறகே மற்றவர்களுக்கும் கிடைத்தது. கன்று பிறந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, பாருங்கள்.

1958-ல் கேரளத்தில் பாரத்தியான் மருந்து கலந்த கோதுமை மாவைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதை ஒட்டித்தான் 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. டப்பா மேல் சாய்ந்த சதுரத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை நிறம் போடுகிறார்களே, அது உடனே கொல்லும் விஷத்தின் அளவைத்தான் காட்டும். வருஷக்கணக்கில் உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. பச்சை என்றால் பயமில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

கடைசியாக ஒன்று. நாளைக்கு மார்க்கெட்டில் விலை கூடும் என்று தெரிகிறது. முந்தாநாள்தான் வெண்டைக்கு மருந்து அடித்திருக்கிறீர்கள். அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று துண்டுப்பிரசுரத்தில் போட்டிருக்கிறது. இன்று பறித்தால் நாலு காசு கூடக் கிடைக்கும். அந்த வேளையில் தராசு நம் கையில் இருக்கிறது. சாப்பிடப்போகிற பிள்ளை எந்த ஊர்ப் பிள்ளையோ, நமக்குத் தெரியாது. பத்ரே பிள்ளைகளையும் தோட்டக் கணக்கு எழுதியவர்களுக்குத் தெரியாதுதான்.

அந்த நாட்கள் கழியட்டும், பிறகு பறியுங்கள். சந்தேகம் இருந்தால் எங்களிடம் வந்து கேளுங்கள். கன்றோ, கோழியோ, தேனீயோ வித்தியாசமாக ஏதாவது காட்டினாலும் வந்து சொல்லுங்கள். இந்தத் தடவை காது கொடுத்துக் கேட்போம்.