தேய்ந்த பொத்தான்களும் யாழ்ப்பாணத்துக் கைப்பழக்கமும்

தொலைக்காட்சிப் பெட்டியின் ரிமோட்டில் ஒரு பொத்தான் வேலை செய்ய மறுப்பது வரலாற்றில் இடம்பெறத்தக்க செய்தி அன்று. புதிய ரிமோட் ஒன்று யாழ் நகரக் கடைகளில் சில நூறு ரூபாவுக்குக் கிடைத்துவிடுகின்ற காலத்தில், பழையதைக் கழற்றிப் பார்ப்பது வேலையற்றவரின் பொழுதுபோக்கு என்றே பலர் கருதக்கூடும். ஆயினும் குடாநாட்டில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இருக்கின்ற வீடுகளில் அந்த ரிமோட் உடனே குப்பைக்குப் போவதில்லை. யாரோ ஒருவர் கத்தி முனையால் அதன் மூடியை மெல்ல நெம்பித் திறந்து, உள்ளே என்ன நேர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார். அந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் பொத்தானின் கதை. ரிமோட்டின் உள்ளே ஓர் இறப்பர்த் தகடு இருக்கிறது. ஒவ்வொரு பொத்தானின் அடியிலும் கரி கலந்த கறுப்பு இறப்பர் வில்லை ஒன்று ஒட்டியிருக்கும். அதற்கு நேர் கீழே, மின்சுற்றுப் பலகையில், இரண்டு சீப்புகளின் பற்களைத் தொடாமல் கோத்தது போன்ற தடங்கள் உண்டு. பொத்தானை அழுத்தும்போது கறுப்பு வில்லை இவ்விரு தடங்களையும் இணைக்கிறது. எந்த வரிசையும் எந்த நிரலும் இணைந்தன என்பதை ஒரு சிறு சில்லு அறிந்து, அதற்குரிய குறியைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாக அனுப்புகிறது. கல்குலேற்றரிலும் பழைய தொலைபேசிகள் பலவற்றிலும் உள்ள விசைப்பலகை இதே முறையில் அமைந்ததுதான்.

பழுது இரண்டு வழிகளில் வருகிறது. கை எண்ணெயும் தூசியும், இறப்பரிலிருந்தே கசிகின்ற எண்ணெயும் சேர்ந்து தடங்களின் மேல் படலமாகப் படிவது ஒன்று. வில்லையிலுள்ள கரி தேய்ந்து மின்தடை ஏறிவிடுவது மற்றொன்று. ஒலியைக் கூட்டுகின்ற பொத்தானும் அலைவரிசை மாற்றுகின்ற பொத்தானும் முதலில் கெடுவதற்குக் காரணம், அவையே அதிகம் அழுத்தப்படுகின்றன என்பதுதான். எல்லாப் பொத்தான்களும் ஒருங்கே செயலிழந்திருந்தால் குற்றம் பற்றரியிலோ பச்சை பூத்த அதன் கம்பிச்சுருளிலோ இருக்கும். கைத்தொலைபேசியின் கமராவுக்கு முன்னால் ரிமோட்டைப் பிடித்து அழுத்தினால், பெரும்பாலான கமராக்களில் அதன் ஒளி ஊதா நிறமாகத் தெரியும். பச்சை பூத்த கம்பிச்சுருளைத் தேசிக்காய்ச் சாற்றில் தோய்த்த பஞ்சால் துடைத்து உலர்த்தினால் போதும்.

வீட்டு வைத்தியங்கள் நான்கு. இறப்பர்த் தகட்டைச் சவர்க்கார நீரில் கழுவி நிழலில் உலர்த்தி, பலகையை மருந்துக்கடைச் சாராவியால் துடைப்பது முதலாவது. பாதிப் பழுதுகள் இதிலேயே தீர்ந்துவிடும். மென்மையான பென்சிலின் கரியை வில்லையின் மேல் தேய்ப்பது இரண்டாவது. இது சில நாள்களுக்கே தாங்கும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை வில்லை அளவுக்கு வட்டமாக வெட்டி, தாள் பக்கம் இறப்பரோடும் மினுங்கும் பக்கம் பலகையை நோக்கியும் இருக்குமாறு ஒட்டுவது மூன்றாவது. பசை சிறிதளவே பூசவேண்டும், பலகையில் ஒரு துளியும் படக்கூடாது. எவரும் அழுத்தாத ஒரு பொத்தானின் வில்லையைக் கூரிய அலகால் சீவியெடுத்துத் தேய்ந்த பொத்தானின் கீழ் ஒட்டுவது நான்காவது. நீடித்து நிற்பது இந்த நான்காவதே.

இவற்றில் எதுவும் யாழ்ப்பாணத்தார் கண்டுபிடித்தது அன்று. உலகெங்கும் வீடுகளில் செய்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் வேறுபடுவது, பெட்டியைத் திறக்கத் தயங்காமையும், ஒன்றின் உறுப்பை எடுத்து இன்னொன்றை வாழவைக்கின்ற மனமுமே. அவை விரும்பிக் கற்றவை அல்ல. கற்பித்தது ஒரு முற்றுகை.

1990 யூன் மாதத்தில் இரண்டாம் கட்ட ஈழப்போர் மூண்டது. அவ்வாண்டிலேயே குடாநாடு இலங்கையின் மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டது. வடக்கே கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டது. பெற்றோல், டீசல், சீமெந்து, இரும்பு, பசளை ஆகியவற்றோடு பற்றரியும் அதில் அடங்கியிருந்தது. உலர் மின்கலம் கண்ணிவெடிக்கும் தொலைத்தொடர்புக் கருவிக்கும் பயன்படும் என்பது அரசு தரப்பின் வாதம். தாண்டிக்குளம் சோதனைச்சாவடியில் பயணிகளின் பைகள் கொட்டப்பட்டுத் தேடப்பட்டன. ஆனால் அதே பற்றரிதான் முதியவர் ஒருவரின் கைவிளக்குக்கும், செய்தி கேட்க வீட்டில் இருந்த ஒரே வானொலிக்கும் உயிர். மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை என்றானபின், இலட்சக்கணக்கான மக்கள் தங்கள் வீட்டுப் பொருள்களின் வயிற்றைத் திறந்து பார்க்க நேர்ந்தது.

அக்காலத்தின் அடையாளமாக எல்லோர் நினைவிலும் நிற்பது சைக்கிள் டைனமோ. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து இரு கம்பிகளை வானொலிக்குக் கொண்டுபோவார்கள். சொல்வதற்கு எளிது. ஆனால் சைக்கிள் டைனமோ தருவது ஆடலோட்ட மின்சாரம். வானொலி கேட்பதோ நேரோட்ட மின்சாரம். ஆகவே இடையில் ஒரு டயோட் வேண்டும். இரைச்சலைக் குறைக்க ஒரு மின்தேக்கியும் வேண்டும். கடையில் கிடைக்காத இவ்விரண்டும் பழுதான வானொலிகளிலிருந்தும் தொலைக்காட்சிப் பெட்டிகளிலிருந்தும் கழற்றப்பட்டன. டைனமோவின் அளவு ஆறு வோல்ற்று. நான்கு பற்றரி போடுகின்ற வானொலிக்கும் அதே அளவு என்பது ஒரு நல்வாய்ப்பு. வேகம் கூடினால் மின்னழுத்தமும் ஏறும்; ஆகையால் சுழற்றுகின்ற கை ஒரே சீராக இருக்கவேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பிள்ளைகளின் கையாகவே இருந்தது. பீ.பீ.சி. தமிழோசையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ்ப்பணியும் அந்தக் கைகளின் வலிமையில்தான் முற்றங்களில் ஒலித்தன. பௌதிகவியல் பாடப் புத்தகத்தில் டயோட் என்ற சொல்லைப் படிக்குமுன்பே அதன் வேலையைக் கண்ணால் கண்ட தலைமுறை அது.

தீர்ந்துபோன பற்றரியும் எறியப்படவில்லை. வெயிலில் வைத்துச் சூடேற்றுவார்கள். அடியில் துளையிட்டு உப்பு நீர் ஊட்டுவார்கள். உலர்ந்துபோன உட்பொருள் சற்று ஈரமாகி, இரசாயன மாற்றம் சிறிது நேரம் தொடரும். அரை மணி நேரச் செய்திக்கு அது போதுமாயிருந்தது. இறுதியில் உடைத்தெடுக்கப்பட்ட கரிக்கோல் சிறுவர்களின் எழுதுகோலாயிற்று. மின்னைக் கடத்துகின்ற அந்தக் கரிதான், ரிமோட்டின் கறுப்பு வில்லையிலும் இருக்கிறது.

இரவுக்கு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கே மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப்பின் வால்வுக் குழாயில் மெல்லிய திரியைச் செருகி எரிப்பார்கள். திரி மெலிந்திருந்தபடியால் எண்ணெய்ச் செலவு குறைந்தது. எண்ணெய் பஞ்சில் ஊறியிருந்தபடியால் போத்தல் சரிந்தாலும் உடனே கொட்டிவிடாது. அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் சென்றவர்கள் இன்று உலகின் பல நாடுகளில் மருத்துவர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருக்கிறார்கள்.

வாகனங்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் பீய்ச்சி இயந்திரத்தை இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் இந்த எரிபொருளை ஓரளவு பொறுத்துக்கொண்டன. புதிய வாகனங்கள் பொறுக்கவில்லை. மேலைநாடுகளில் காட்சிச்சாலைக்குப் போய்விட்ட கார்கள் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

தொலைக்காட்சி அக்காலத்தில் அரிய விழாவாயிற்று. ஜெனரேற்றருக்கு எண்ணெய் சேர்த்து அயலவர் கூடிப் படம் பார்த்தார்கள். ரிமோட் இருந்த வீடுகளில் அதன் பற்றரிகளைத்தான் முதலில் கழற்றினார்கள். இங்கே உலக வரலாற்றில் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் செனித் நிறுவனம் 1956-இல் வெளியிட்ட, றொபேட் அட்லர் வடிவமைத்த ‘ஸ்பேஸ் கொமாண்ட்’ என்ற ரிமோட்டுக்குப் பற்றரியே கிடையாது. பொத்தானை அழுத்தினால் சிறு சுத்தியல் ஒன்று அலுமினியக் கோலைத் தட்டும். மனிதச் செவிக்குக் கேட்காத அந்த ஒலியைத் தொலைக்காட்சிப் பெட்டி உணர்ந்துகொள்ளும். பற்றரி தீர்ந்ததைப் பார்ப்பவர் பெட்டியின் பழுது என்று எண்ணிவிடுவார் என்று நிறுவனம் அஞ்சியதே அதற்குக் காரணம். செல்வம் மிகுந்த நாடு வசதிக்காகத் தவிர்த்த பற்றரியை, யாழ்ப்பாணம் வேறு வழியின்றித் தவிர்த்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இந்தக் கைத்திறனைப் புகழ்ந்து பேசும்போது முற்றுகையைப் புகழ்ந்துவிடக் கூடாது. சரிந்த விளக்குகளால் பிள்ளைகள் தீக்காயமுற்றார்கள். மருந்துகளும் தட்டுப்பட்டன, அவற்றுக்கு வெள்ளித்தாள் வைத்தியம் இல்லை. வெளியே போய்வர இருந்த கிளாலிக் கடலேரி வழியில் பலர் உயிரிழந்தார்கள். 1994-இன் பிற்பகுதியில் சில பொருள்கள் மீதான தடை தளர்த்தப்பட்டது. ஆனால் 1995 ஏப்ரலில் போர் மீண்டும் தொடங்கியது. ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, பல ஆண்டுகளாகச் சேர்த்த பழைய உதிரிப்பாகங்களையும் திருத்துவோர் தம் கடைகளிலேயே விட்டுச்சென்றார்கள்.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டதும் காட்சி மாறியது. தொலைக்காட்சிகளும் டி.வி.டி. கருவிகளும் கைத்தொலைபேசிகளும் பாரவூர்திகளில் வந்து இறங்கின. ஒவ்வொன்றோடும் ஒரு ரிமோட் அல்லது விசைப்பலகை வந்தது. 2006 ஆகஸ்ட் 11 அன்று வீதி மீண்டும் மூடப்பட்டபோது அந்தப் பொருள்கள் வீடுகளில் இருந்தன; அவற்றின் உதிரிப்பாகங்கள் வரவில்லை. தேய்ந்த பொத்தானுக்கு வெள்ளித்தாள் ஒட்டுவது குடாநாட்டில் வேரூன்றியது அவ்வேளையிலேயே என்பது என் கணிப்பு. தொண்ணூறுகளில் டைனமோ சுற்றிய பிள்ளைகள் அப்போது குடும்பத் தலைவர்களாகியிருந்தார்கள். 2013-இல் குடாநாடு மீண்டும் தேசிய மின்வலையமைப்பில் இணைந்தது. 2022-இல் பொருளாதார நெருக்கடி வந்து, மார்ச் இறுதியில் நாள்தோறும் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றபோது, தென்னிலங்கை திகைத்தது. யாழ்ப்பாணத்து முதியவர்கள் அலமாரியின் மேலிருந்து போத்தல்களை இறக்கினார்கள்.

பத்திரிகைத்துறையைச் சேர்ந்தவன் என்ற வகையில் ஒரு குறையை இங்கு குறிப்பிடவேண்டும். தடைக்காலத்தில் அச்சுத்தாள் இல்லாதபோது யாழ்ப்பாண நாளிதழ்கள் கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளில்கூட அச்சாகின. இந்தக் கைவேலையின் கதைக்கு அந்த இதழ்களே சான்று. எனினும் அவற்றைப் புரட்டினால் குண்டுவீச்சு, பேச்சுவார்த்தை, இடப்பெயர்வு ஆகிய செய்திகளே நிறைந்திருக்கும். டைனமோவுக்கு டயோட் பொருத்தும் முறையை எவரும் செய்தியாக எழுதவில்லை. எல்லோரும் அறிந்ததை எழுதுவானேன் என்பதே அப்போதைய எண்ணம். 2005-இல் தொடங்கிய நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் காத்துவருகிறது. அச்சிடப்பட்டதைக் காக்க அது இருக்கிறது. அச்சேறாத கைவேலையைக் காக்க அதைச் செய்தவர்களின் நினைவு மட்டுமே உண்டு.

அவர்களில் பலர் எழுபதைக் கடந்துவிட்டார்கள். வானொலி திருத்திய கடைகள் கைத்தொலைபேசிக் கடைகளாகிவிட்டன. வில்லையைச் சீவி ஒட்டுவதைவிடப் புதிய ரிமோட் வாங்குவது மலிவு என்பது உண்மையே. அதில் தவறும் இல்லை. ஆனால் ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று திறந்து பார்க்கின்ற பழக்கம் கடையில் விற்பனைக்கு வருவதில்லை. உங்கள் வீட்டில் டைனமோ சுற்றிய ஒருவர் இருந்தால், அடுத்த முறை ரிமோட் பழுதாகும்போது அதை அவர் கையில் கொடுங்கள். அவர் திருத்தும்போது எந்தக் கம்பியை எங்கிருந்து எடுத்தார், எதை எதற்குப் பதிலாக வைத்தார் என்று கேட்டு, ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதி வையுங்கள்.