சொட்டு அடங்கும் நேரம்

நெகிரி செம்பிலானில் சிரம்பான், பகாவ், போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய தமிழர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: கத்தியை எடுத்துவிட்டதால் பால் நின்றுவிடாது. விடியுமுன் வெட்டுவதே பட்டைக்குள் அப்போது அழுத்தம் மிகுந்திருக்கும் என்பதால்தான். வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கும். வெட்டுவாயில் பால் உறையும். ஓட்டம் சொட்டாகக் குறையும். அதற்காகக் காத்திருந்துதான் வாளியோடு மறுபடி நிரைக்குப் போனார்கள். அவசரப்பட்டு எடுத்தால், பின்னால் சொட்டுவதெல்லாம் பால் வடியும் கிண்ணமான மங்கிலேயே கட்டிப்பாலாகிக் கிடக்கும். மழைமூட்ட நாளில் இன்னும் நெடுநேரம் சொட்டும். அடங்கிவிட்டதாக எண்ணும் கணத்தில் உள்ளே எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அறிவதுதான் ராக்கெட்டின் பாகங்களைப் பத்திரமாகப் பிரிக்கும் தொழிலுக்கும் அடிப்படை என்பது என் வாதம்.

மலேசியாவுக்கு இந்தப் பிரிப்புத் தொழில் நெருக்கமான வரலாறு. இரண்டாம் பிரதமர் துன் அப்துல் ரசாக்கின் பெயரைத் தாங்கிய ரசாக்சாட், சுமார் 180 கிலோ எடையுள்ள செயற்கைக்கோள். பூமத்திய ரேகையை ஒட்டிச் சுற்றி, நெகிரி செம்பிலான் உட்பட இந்நாட்டு நிலத்தின் மேலே அடிக்கடி வந்து படமெடுக்க வேண்டும் என்று அதைச் செய்தார்கள். அதை ஏற்றிச் சென்றது ஸ்பேஸ் எக்ஸின் ஃபால்கன் 1. அந்த ராக்கெட்டின் மூன்றாம் பயணம் 2008 ஆகஸ்டில் கட்டம் பிரியும்போது தோற்றிருந்தது. புதிய மெர்லின் 1சி எந்திரத்தில், அணைத்த பிறகும் சற்றுநேரம் தள்ளுவிசை மிஞ்சியது. எரியறையில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தம்தான். தரையில் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமே 14க்கு மேல். ஆகவே சோதனை மேடையில் அது ஏறக்குறையத் தென்படவே இல்லை. காற்றில்லாத உயரத்திலோ, கழன்ற கீழ்க்கட்டத்தை மறுபடி நகர்த்தி மேல்கட்டத்தில் இடிக்க அதுவே போதுமானதாக இருந்தது. அணைப்பதற்கும் பிரிப்பதற்கும் நடுவிலிருந்த இடைவெளியைக் கூட்டினார்கள். செப்டம்பர் 28இல் நான்காம் பயணம் வென்றது. 2009 ஜூலை 14 அன்று ரசாக்சாட் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பாடத்துக்குப் பிறகுதான்.

இன்னும் பலமாகத் தள்ளிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். தள்ளத்தான் செய்கிறார்கள், அமெரிக்க விண்ணோடத்தின் ஒவ்வொரு பூஸ்டரிலும் அதை விலக்குவதற்கென்றே 8 சிறு மோட்டார்கள் இருந்தன. ஆனால் 2008இல் ஃபால்கனின் பிரிக்கும் கருவிகள் ஒழுங்காகவே வேலை செய்தன. அப்படியும் மோதல் நேர்ந்தது. அப்படியானால் தாராளமாகக் காத்திருக்கலாமே என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1988 ஜூலை 13 அன்று புறப்பட்டுச் சிதைந்த இந்திய ராக்கெட் ஏஎஸ்எல்வி அதற்குப் பதில் சொல்கிறது. பக்கத்துப் பூஸ்டர்கள் எரிந்து ஓய்ந்து நடு மோட்டார் வேலையை ஏற்கும் அந்தச் சிறு நேரத்தில், காற்றின் தாக்கம் உச்சத்தில் இருந்தபோது, ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்தது. காத்திருப்பு நீண்டாலும் ஆபத்து. திட எரிபொருளைப் பற்றவைத்த பின் நினைத்த நேரத்தில் அணைக்கவும் முடியாது; அது எரிந்து தீரும் நொடி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். அதனால் 1992 மே 20இல் பறந்த மூன்றாம் ஏஎஸ்எல்வியில், குறித்துவைத்த நொடியை மட்டும் நம்பாமல், பூஸ்டர்களின் விசை தளர்வதை உணர்ந்து நடு மோட்டாரைப் பற்றவைக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அந்தப் பயணம் சுற்றுப்பாதையை எட்டியது. விண்ணோடத்திலும் இரு பூஸ்டர்களின் அழுத்தமும் 50 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கியதைக் கருவிகள் கண்ட பிறகே பிரிக்கும் வேலை தொடங்கியது. புறப்பட்டதிலிருந்து கழிந்த நேரம், அந்தக் கருவிகள் கைவிட்டால் உதவுவதற்காக மட்டும் வைத்திருந்த மாற்று.