போஸ்னிய நாட்டு அரசியலமைப்பும் அதன் குறையும்

கடைக்கால் கோணினால் சுவர் கோணும். சுவர் கோணினால் கூரை நில்லாது. நாட்டிற்கு அரசியலமைப்புச் சட்டமே கடைக்கால். இவ்வுண்மையை ஐரோப்பாவின் தென்கிழக்கிலுள்ள போஸ்னியா ஹெர்ஸகோவினா என்னும் சிறு நாட்டின் வரலாற்றால் நாம் தெளியலாம்.

அங்கே போஸ்னியாக்கர், செர்பியர், குரோஷியர் என மூவினத்தார் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். பேச்சில் வேற்றுமை சிறிது. சமயத்திலோ முறையே இஸ்லாமியர், கிழக்கத்திய வைதிகத் திருச்சபையார், கத்தோலிக்கர். 1992 முதல் 1995 வரை நிகழ்ந்த போரில் ஏறக்குறைய 1,00,000 மக்கள் மாண்டனர். 1995 நவம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் நான்காம் இணைப்பே அந்நாட்டின் அரசியலமைப்பாயிற்று. குடிமக்களின் வாக்கு அதற்குக் கேட்கப்படவில்லை.

அதன்படி நாட்டின் தலைமைப் பதவி மூவர்க்குரியது, இனத்திற்கு ஒருவர். மேலவையில் 15 பேர், இனத்திற்கு ஐவர். தம்மினத்தின் உயிர்நலனுக்குக் கேடென்று கூறி மசோதாவைத் தடுக்கவும் வழியுண்டு. இவ்வேற்பாடு பீரங்கியின் வாயை அடைத்தது, அந்நன்மையை மறுப்பதற்கில்லை.

நிற்க. யூதரும் ரோமா இனத்தாரும் 'ஏனையோர்' எனப்பட்டனர். அவர்க்குத் தலைமைப் பதவியிலும் இடமில்லை, மேலவையிலும் இடமில்லை. ரோமா இனத்தவரான டெர்வோ ஸெய்திச் என்பாரும் யூதரான யாக்கோப் ஃபின்சி என்பாரும் வழக்கிட்டனர். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009 டிசம்பரில் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. எவ்வினத்தையும் சாராது 'இந்நாட்டுக் குடி' என்று மட்டுமே தம்மைக் கூறிக்கொண்ட ஒரு பெண்மணிக்கும் 2014இல் அவ்வாறே தீர்ப்பாயிற்று. எனினும் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அவ்விதி நீங்கவில்லை.

காரணம் யாது? திருத்த வேண்டியவர் அவ்விதியால் பதவி எய்தியவரே. தம்மினத்தார் உள்ளத்தில் பிறரைப் பற்றிய அச்சத்தை வளர்ப்பவர்க்கே வாக்கு மிகுகின்றது. அச்சம் தணியின் அவர் செல்வாக்கும் தணியும். போரை நிறுத்த இட்ட வேலி, அமைதிக் காலத்தில் பயிர் வளர இடங்கொடாது நிற்கின்றது.

நம் சங்கமும் பிறப்பால் கூடியதே. நம் பிள்ளைகளின் கல்விக்கு உதவுதலும் நலிந்த குடும்பங்களைத் தாங்குதலும் அதற்குத் தக்க பணிகள். பின்தங்கினாரைக் கைகொடுத்துத் தூக்குவது வேறு. பிறப்பைக் காட்டி ஒருவனை என்றைக்கும் வாயிலுக்கு வெளியே நிறுத்துவது வேறு. முன்னதை நாம் வேண்டுவோம். பின்னது நமக்கே ஊதியம் தருவதாயினும் வேண்டோம். நம் குலத்தின் பெயரால் வாக்குக் கேட்டு வருவார், இவ்விரண்டனுள் எதற்காகக் கேட்கின்றார் என ஆராய்ந்து அளித்தல் நம் அனைவரின் கடன்.