பன்னிரண்டு ஆண்டுக் கல்லூரி

பொறியியல் படித்த நான்கு ஆண்டுகளில் இலக்கியம் என்று எனக்கு வாய்த்தது ஒரே ஒரு பாடம். அதையும் "ஈஸியா கிரேட் வாங்கலாம்டா" என்று சீனியர்கள் சொன்னதால்தான் எடுத்தேன். அதே ஊரில், வேதியியல் படிக்க வந்தவரும் முதல் ஆண்டில் ராமாயணமும் ஒடிசியும் வாசித்தாக வேண்டிய ஒரு கல்லூரி இருந்தது. இன்றும் கொஞ்சம் பொறாமைதான்.

யேல்-என்யுஎஸ் கல்லூரியைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் 2011இல் சேர்ந்து அமைத்தது. 2013இல் 157 மாணவர்களுடன் வகுப்புகள் தொடங்கின. எந்தத் துறையானாலும் இலக்கியம், தத்துவம், சமூகச் சிந்தனை, அறிவியல் எல்லாருக்கும் பொது. தத்துவ வகுப்பில் கிரேக்கர்களோடு சீன, இந்தியச் சிந்தனையாளர்களும் இருந்தார்கள். லிபரல் ஆர்ட்ஸ் கல்வியை அப்படியே இறக்குமதி செய்யாமல் ஆசியாவில் வைத்து மறுபடி யோசித்தது அதன் பெரிய காரியம்.

சந்தேகங்களும் ஆரம்பத்திலிருந்தே உண்டு. சிங்கப்பூரின் அரசியல் உரிமைகள் குறித்துக் கவலை தெரிவித்து 2012இல் யேல் பேராசிரியர்களே தீர்மானம் போட்டார்கள். 2019இல் எதிர்ப்புக்குரல்கள் பற்றிய ஒரு குறுகிய வகுப்பு, தொடங்கும் முன்பே ரத்தானது.

ஆனால் முடிவு வேறு வழியில் வந்தது. 2021 ஆகஸ்ட் 27 அன்று, கல்லூரி இன்னொரு திட்டத்துடன் இணைக்கப்பட்டு 2025இல் மூடப்படும் என்று அறிவித்தார்கள். செலவு அதிகம், நன்கொடை இலக்கு எட்டப்படவில்லை என்று நாடாளுமன்றத்தில் காரணம் சொல்லப்பட்டது. நியாயமான கணக்காகக்கூட இருக்கலாம். ஆனால் மாணவர்களிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த இடம் அது! எதிர்ப்பு மனுவில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டும் எதுவும் மாறவில்லை.

2025 மே மாதம் கடைசி அணி பட்டம் பெற்றது. அதே மாதம் கல்லூரி நூலகப் புத்தகங்களில் ஒரு பகுதி மறுசுழற்சிக்குப் போனது. முன்னாள் மாணவர்கள் கொதித்தார்கள், பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது.

2022இல் தொடங்கிய என்யுஎஸ் கல்லூரியில் பொறியியல் மாணவர்களும் சேரலாம். எனக்குக் கிடைக்காத வாய்ப்பு அது, குறை சொல்ல மனமில்லை. ஆனாலும் ஒரு பாடத்திட்டத்தை மாற்றி எழுதுவதுபோல, அதைச் சுற்றி உருவான ஒரு சமூகத்தை மாற்றி எழுத முடியாது.

இப்போது வேலை முடிந்து வரும்போது எம்ஆர்டியில் ராமாயணம் வாசிக்கிறேன். வாலி வதம் சரியா தப்பா என்று பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போடத்தான் ஆள் இல்லை.